காவேரிக் கடைமடையில் ஒரு பிரஞ்சு ஊர்

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்தில் வசிக்கும் நேயர்களுக்கு அரக்கோணம் வண்டி நன்கு பழக்கமானதே. அந்த மார்க்கத்தில், திருவள்ளூருக்கு அப்பால், திருவாலங்காடு என்றொரு ஸ்டேஷன் உண்டு. அத்தலத்து இரத்தின சபையில் ஆடும் பெருமானின் திருவடிக்கீழ் இருந்து பாடியவர் காரைக்கால் அம்மையார். அவர் பிறந்த ஊர், நம்மிடமிருந்து ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர் தெற்கே, சோழ நாட்டுக் கடற்கரையில் இருக்கிறது. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அதற்கும் பாரிஸ் நகருக்கும் பந்தம் இருந்தது என்பது விசித்திரமான செய்தி அல்லவா?

பூகோள வகுப்பில் படத்தை விரித்ததும் பிள்ளைகள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பதுண்டு: "புதுச்சேரியின் வர்ணம் தஞ்சைச் சீமைக்குள் எப்படி வந்தது, ஸார்?" அதற்கு விடை, ஓர் அரசுரிமைச் சண்டையில் இருக்கிறது. தஞ்சைச் சிம்மாசனத்துக்குப் போட்டியிட்ட மராட்டிய அரச குமாரர் ஷாஜி, தமக்கு உதவினால் காரைக்காலைத் தருவதாகப் பிரஞ்சுக்காரருக்கு வாக்களித்தார். 1739-ம் வருஷம் ஊர் கைமாறியது. 1760-ல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தனர். பிறகு பலமுறை கை மாறி, 1817-ல் பிரான்ஸிடமே திரும்பியது. இத்தனை பேரத்திலும் ஊரார் சம்மதத்தை ஒருவரும் கேட்கவில்லை.

கும்பகோணத்தை ஒட்டி ஓடி வரும் அரசலாறு இங்கேதான் கடலில் கலக்கிறது. ஆற்றின் வடகரையில் ஊர் அமைந்திருக்கிறது. கரையோடு நடந்தால் கடற்கரைக்கே போய்ச் சேரலாம். ஒரு புறம் மீன்பிடி படகுகள்; மறுபுறம் சற்றே தள்ளிப் போனால் நெல் வயல்கள். கடலும் கழனியும் கைகோத்த ஊர் என்று இதைச் சொல்லலாம்.

அம்மையாரின் சரித்திரத்திலும் கடல் உண்டு. கணவன் பரமதத்தன் கப்பலேறி வாணிகம் செய்யப் போனவன்தானே? ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் மாங்கனித் திருவிழாவில், பக்தர்கள் வீட்டு மாடிகளிலிருந்தும் மாம்பழங்களை வாரி இறைக்கிறார்கள். கீழே நிற்பவர்கள் அவற்றைப் பிரசாதமாக ஏந்திக்கொள்கிறார்கள். பழத்தைத் தலையில் வாங்கிக்கொள்பவர்களும் உண்டு. அதற்காக யாரும் கோபிப்பதில்லை!

மாதா கோவிலும், மஸ்தான் சாகிப் தர்காவும் ஊருக்கு நடுவே விளங்குகின்றன. மேற்கே ஐந்து கிலோமீட்டரில் நளனுக்குச் சனி தோஷம் நீங்கியதாகச் சொல்லும் திருநள்ளாறு. அருகிலேயே, யாழில் அடங்காத யாழ்முரிப் பதிகத்தை ஞானசம்பந்தர் பாடிய தருமபுரம். தெற்கே திருமலைராயன்பட்டினம், அதையும் தாண்டினால் நாகூர்.

துறைமுகத்துக்கு மற்றொரு சரித்திரமும் உண்டு. அது கண்ணீரால் எழுதியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரீயூனியன், மார்த்தினீக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் இங்கிருந்தும் கப்பலேறினர். பலர் திரும்பவில்லை. இன்று அத்தீவுகளில் அவர்களுடைய சந்ததியார் மாரியம்மனுக்குப் பூசை செய்கிறார்கள். தமிழ் பேசுவதோ அநேகருக்கு மறந்துவிட்டது.

1954-ம் வருஷம் அக்டோபர் 18-ல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் முதல் தேதி காரைக்காலிலும் நமது கொடி ஏறியது. ஆயினும் ஒப்பந்தம் சட்டப்படி நிறைவேறியது 1962 ஆகஸ்டில்தான். அப்போது, விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் பிரஞ்சுப் பிரஜாவுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று இடம் இருந்தது. சிலர் அப்படியே செய்தனர். ஒரே தெருவில் அண்டை வீட்டார் இருவர் இரு தேசத்துப் பிரஜைகளாக வாழும் நிலை அதனால் ஏற்பட்டது.

பேரளத்திலிருந்து 1898-ல் வந்த ரயில் 1980-களில் நின்று போயிற்று. நாகூர் வழியாக 2011-ல் மறுபடியும் வண்டி வந்தது. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப் பேரலை இக்கரையில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று.

எல்லைகள் மாறின, கொடிகள் மாறின. மாறாதது ஒன்று: காரைக்கால் காவேரியின் கடைமடை. காவேரி நடுவர் மன்றம் 2007-ல் புதுச்சேரிக்கென ஒதுக்கிய ஏழு டி.எம்.சி. தண்ணீர் இவ்வூர் வயல்களுக்கானதே. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. ஆனால் அந்த ஏழு டி.எம்.சி.யும் கர்நாடகத்தையும் தமிழ் நாட்டையும் கடந்து, வழியிலுள்ள மடைகளெல்லாம் குடித்தது போகத்தான் இங்கே வரவேண்டும். தேச விடுதலையை ஊரார் வாக்களித்துப் பெற்றார்கள். வயலுக்குத் தண்ணீரோ மேல்மடைக்காரர் மனம் வைத்தால்தான் வரும். காரைக்காலுக்குப் போகும் நேயர்கள் கோவில்களையும் கடற்கரையையும் பார்த்துவிட்டு, அரசலாற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதையும் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்களாக!