கழுவியவள்

நான் கழுவிய முதல் ஃபிலிம் சுருள் காலையில் குளியலறைத் தரையில் கிடந்தது. முந்தைய இரவு துணிக்கொடியில் இருந்த பிளாஸ்டிக் கிளிப் ஒன்றைக் கழற்றி வந்து அதைத் தொங்கவிட்டிருந்தேன். ஈரத்தில் வழுக்கிவிட்டது. நனைந்த ஃபிலிமின் மேல்பூச்சு மிக மென்மையானது. தொட்டால் கீறும், எது பட்டாலும் ஒட்டும். என் தலைமுடி நான்கைந்து அதோடு சேர்ந்து காய்ந்திருந்தது. 36 படங்களில் பாதிக்குமேல் அம்மாவை எடுத்தவை.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். “துணி கிளிப்பையா போட்ட?” என்று மட்டும் கேட்டாள்.

கோவில்பட்டியில் எங்களுக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது. அப்பா படம் எடுத்தார், அம்மா கழுவினாள். தமிழில் ஃபிலிமைக் ‘கழுவுவது’ என்றுதான் சொல்கிறோம். டெவலப்பரில் எத்தனை நிமிடம், தண்ணீர் என்ன சூடு, ஹைப்போவில் எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்த்து இருட்டில் செய்யும் வேலை அது. ஆனால் சொல் அதைப் பாத்திரம், துணி, பிள்ளையின் கால் என்ற வரிசையில் கொண்டுபோய் வைத்துவிட்டது. அதன்பின் யார் செய்வது என்று எங்கள் வீட்டில் யாரும் பேசித் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து அடுப்படியைத் துடைத்துவிட்டு அம்மா இருட்டறைக்குள் போவாள். டெவலப்பர் பட்டு அவள் நகங்கள் பழுப்பேறியிருக்கும். கல்யாண வீடுகளில் “மருதாணியா?” என்று கேட்பார்கள். படங்களின் பின்பக்கம் குத்திய முத்திரையில் அப்பாவின் பெயர் இருந்தது.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞராக அறியப்படும் ஹோமாய் வியாரவாலாவின் தொடக்ககாலப் படங்கள் கணவர் மானெக்‌ஷாவின் பெயரில்தான் அச்சாகின. 2011-ல் அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது. மறு ஆண்டு காலமானார். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் கோபப்படுவார்கள். நானும்தான். அப்போதெல்லாம் எனக்கு அம்மாவின் நகங்கள் நினைவுக்கு வந்ததில்லை.

அன்று மாலை வீட்டிலிருந்த எல்லாக் கிளிப்புகளையும் மேசையில் பரப்பினோம். பிளாஸ்டிக்கை அம்மா உடனே ஒதுக்கினாள். வாய் வழவழப்பு, ஸ்பிரிங் சோனி. மரக் கிளிப் நன்றாகப் பிடிக்கும், ஆனால் மரம் தண்ணீரையும் மருந்தையும் குடிக்கும். நாளானால் ஸ்பிரிங் துருப்பிடித்துச் சொட்டும். விடைத்தாள் கட்டும் கறுப்புக் கிளிப்பின் பிடி அவளுக்குப் பிடித்தது. பெயின்ட் உரிந்த இடத்தில் துருவைக் காட்டி அதையும் தள்ளி வைத்தாள். கடைசியாக, நான் வாங்கிவிட்டுப் பிரிக்காமல் வைத்திருந்த ஸ்டீல் கிளிப்புகளை எடுத்தாள். வாயில் சிறு பற்கள். ஜோடியில் ஒன்று கனமானது.

“பல்லு படம் இல்லாத நுனியில மட்டும்தான் கடிக்கணும். கனமானது கீழே. உங்கப்பா ரோல் ரெண்டரை அடி. இது அஞ்சரை அடி இருக்கு. கீழே கனம் இல்லேன்னா சுருண்டு தன்மேலேயே ஒட்டிக்கும். ஃபேனை அமத்திரு, தூசி வந்து உக்காரும்.”

“உனக்கு யாரும்மா சொல்லிக்கொடுத்தா?”

“யாரு சொல்லித்தருவா? அஞ்சாறு ரோல் கெட்டுச்சு. உங்கப்பா திட்டுனாரு. அப்புறம் கெடல.”

அடுத்த சுருளை இருவரும் சேர்ந்து மாட்டினோம். காலையில் அது நேராக, ஒரு சுருக்கமும் இல்லாமல் தொங்கியது. அம்மா ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினாள். நெகட்டிவில் ஜன்னல் கரியாக இருந்தது. அவள் முகம் வெறும் கண்ணாடிபோலத் தெளிந்து கிடந்தது.

“முகத்துக்கு வெளிச்சம் பத்தல. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உக்காரவச்சா வேற எப்படி வரும்? எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல.”

இதை அவள் கழுவிக் கற்றுக்கொண்டிருக்க முடியும். ஆனாலும் கேட்டேன், ஸ்டுடியோவில் எப்போதாவது படம் எடுத்திருக்கிறாயா என்று.

“ஒரே ஒரு தடவை. உங்கப்பா ஊர்ல இல்ல. பரீட்சைக்குப் போட்டோ வேணும்னு ஒரு புள்ள அழுதுகிட்டு வந்து நின்னுச்சு. நானே எடுத்தேன். நல்லா வந்துச்சு.”

கீழ்க் கிளிப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

“கழுவி, பிரிண்ட் போட்டு, பின்னால முத்திரை குத்திக் குடுத்தேன்.”