ஓசூர் ரஸ்தாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கடல் கடந்து படிக்க வந்த மாணவனுக்கு ஞாயிற்றுக்கிழமையைப் போன்ற பெரிய பாரம் வேறில்லை. உள்ளூர்ச் சகபாடிகள் சனிக்கிழமை மாலையே பையைத் தூக்கிக்கொண்டு தாயின் சமையலை நோக்கிப் புறப்பட்டுவிட, துவைத்த துணி காய்வதைப் பார்த்துக்கொண்டு மாடியில் எஞ்சி நிற்பவர்கள் நாங்கள்தாம். பெங்களூருக்குத் தெற்கே சந்தாபுராவில் ஒரே வீட்டில் குடியிருந்த எங்களில் ஒருவர் தான்சானியாவின் அருஷா நகரத்தார். ஒருவர் நேபாளத்துப் பொக்காராவைச் சேர்ந்தவர். மூன்றாமவன் யாழ்ப்பாணத்தானாகிய நான். முதல் வருஷத்தில் மைசூர் அரண்மனை, நந்தி மலை, குடகு என்று சகல மாணவர்களும் போகும் இடங்களுக்கெல்லாம் நாங்களும் போய்வந்தோம். போய்வந்தோம் என்பதைவிட, விடியற்காலையில் வண்டியில் ஏற்றப்பட்டு, நாற்பது நிமிஷத்துக்கு ஓரிடமாக இறக்கப்பட்டு, படம் பிடித்துக்கொண்டு, நள்ளிரவில் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கப்பட்டோம் என்பதே பொருத்தமாக இருக்கும்.

இரண்டாம் வருஷத்தில் ஒரு மாதக் கடைசி. மூவர் கையிலும் இருந்த பணத்தைச் சேர்த்து எண்ணினால் நந்தி மலைக்குப் பாதி வழிகூடக் காணாது. அந்தச் சமயத்தில், பக்கத்து ஆனேக்கல்லைச் சேர்ந்த எங்கள் வகுப்புத் தோழர், நாங்கள் தினந்தோறும் தூசியையும் வசவையும் வாரி இறைத்துக்கொண்டு கடக்கிற ஓசூர் ரஸ்தாவை ஒருநாள் தலை முதல் கால் வரை பார்த்தால் என்ன என்று கேட்டார். அவர் பரிகாசமாகவே சொன்னார் என்பது என் அபிப்பிராயம். நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டோம்.

தலையிலிருந்து தொடங்க வேண்டுமென்றால் நகரத்துக்குள் போக வேண்டும். 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மஞ்சள் தட மெட்ரோவில் பொம்மசந்திராவில் ஏறிப் பத்தொன்பது கிலோமீட்டரைச் சடுதியில் தாண்டி, மறுகோடியில் இறங்கி, அங்கிருந்து ரிச்மண்ட் டவுனை அடைந்து, ஜான்ஸன் மார்க்கெட் வாசலில் சுலைமானி தேநீரோடு பிரயாணத்தை ஆரம்பித்தோம். பால் சேராத அந்தக் கறுப்புத் தேநீரைக் கையில் வாங்கியதும் அருஷா நண்பரின் முகம் மலர்ந்தது. தேநீருக்கு அவர் பாஷையாகிய சுவாஹிலியிலும் 'சாய்' என்றே பெயர். சப்பாத்திக்கும் அதே பெயர்தான். வண்டியை 'காரி' என்பார்களாம். இந்து சமுத்திரத்தின் இரு கரைகளுக்கும் இடையே பருவக்காற்றைப் பிடித்துப் போய்வந்த வியாபாரிகள் சரக்கோடு சொல்லையும் ஏற்றி இறக்கினார்கள் என்பதைப் புஸ்தகத்தில் படிப்பது வேறு, ஒரு மனிதர் தெருமுனையில் நின்றுகொண்டு தம் வீட்டுச் சொற்களைக் காதால் பொறுக்கியெடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு.

அங்கிருந்து கிறிஸ்தவக் கல்லறைகளையும் நிமான்ஸ் மருத்துவமனையையும் கடந்தால் ஆடுகோடி. இங்கே மதிலுக்குப் பின்னால் மரங்கள் அடர்ந்த ஒரு பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1927ஆம் வருஷத்தில், தேக ஆரோக்கியம் குன்றிப் பெங்களூர்ப் பிரதேசத்தில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த காந்தியடிகள் இங்கே வந்து மாடு வளர்ப்பையும் பால் தொழிலையும் பற்றிக் கேட்டுக் கற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 57. இந்த ரஸ்தாவின் மாணவர்களுள் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். மறுநாள் ஒப்படைக்க வேண்டிய கட்டுரையை எழுதாமல் வந்திருந்த ஆனேக்கல் தோழருக்கு அது ரசிக்கவில்லை.

மடிவாளத்தில்தான் நாங்கள் அதிக நேரம் தங்கினோம். காய்கறிச் சந்தையின் இரைச்சலுக்கு அருகே, பெருஞ்சாலையில் போகிறவர் கண்ணில் படாதவாறு, சோமேசுவரர் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் தமிழ்ச் சாசனங்கள் உள்ளன, அவற்றுள் கி.பி. 1247ஐச் சேர்ந்த ஒன்று வெங்களூரின் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. இராசராசன் காலத்திலிருந்து சோழரும், பின்னர்ப் போசளரும் ஆண்ட பூமியாகையால் இங்கே தமிழ்ச் சாசனம் கிடைப்பதில் சரித்திரக்காரர்களுக்கு ஆச்சரியம் ஏதுமில்லை. ஆனால் குடிவரவு அதிகாரியின் முன் வெளிநாட்டான் என்று கையெழுத்திட்டுப் பதிந்துகொண்டு, கடையில் உப்பு வாங்குவதற்கும் சைகையை நம்பி இரண்டு வருஷம் கழித்த எனக்கு, அந்தக் கல்லின் முன்னே நின்றபோது உடம்பு சிலிர்த்தது. உடனே உரக்கப் படித்துக்காட்டிப் பெருமை கொள்ளலாம் என்று கிட்டப் போனேன். கிரந்தமும் தமிழும் கலந்து, காலத்தால் மழுங்கிக் கிடந்த அவ்வரிகளில் எனக்குப் பிடிபட்டவை நாலைந்து எழுத்துகள். அவையும் ஒன்றோடொன்று சேர்ந்து சொல்லாகவில்லை.

ஆனேக்கல் தோழர் சிரித்தார். அவர் சிரிப்புக்கு நெடுநேரம் ஆயுள் இருக்கவில்லை. பொம்மனஹள்ளியில் ரஸ்தாவை விட்டு விலகிச் சிறிது தூரம் போனால் பேகூர். அங்குள்ள நாகேசுவரர் கோயில் வளாகத்தில், கி.பி. 890 அளவில் எழுந்ததென்று அறிஞர் கருதும் பழங்கன்னட நடுகல் ஒன்று, பெங்களூரில் நடந்த ஒரு போரைக் குறிப்பிடுகிறது. இந்நகரத்தின் பெயர் எழுத்தில் வரும் இடங்களில் மிகப் பழையது என்று அதைச் சொல்வார்கள். கெம்பே கௌடர் கோட்டை கட்டிய பதினாறாம் நூற்றாண்டுக்கு எத்தனையோ தலைமுறை முன்னதாக, வேற்றூர் மாணவர்களின் கண்ணுக்குக் கணினி நகரமாக மட்டுமே தெரிகிற இவ்வூரின் பெயரை ஒருவர் கன்னடத்தில் வெட்டினார். மூன்றரை நூற்றாண்டு கழித்து, சில மைல் தள்ளி, இன்னொருவர் தமிழில் வெட்டினார். அந்தக் கன்னடத்தைக் கன்னடரான எங்கள் தோழராலும் வாசிக்க முடியவில்லை. இரண்டு கல்லையும் ஒரே சிரத்தையோடு படம் எடுத்தவர்கள், இரண்டு மொழியும் அறியாத பொக்காராவும் அருஷாவுமே.

இடையில் சில்க் போர்டு சந்திப்பைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. 1948இல் சட்டத்தால் அமைந்த மத்திய பட்டு வாரியத்தின் பெயரைத் தாங்கும் அந்த நாற்சந்திக்கும் பட்டின் மென்மைக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. நாங்கள் ஒரு பச்சை விளக்குக்காகக் காத்து நின்ற நேரத்தில் நேபாள நண்பர் அரைத்தூக்கம் தூங்கி எழுந்தார். அதைக் கடந்ததும் சாலை இரண்டாகப் பிரிந்து ஒன்று வானத்தில் ஏறுகிறது. 2010இல் திறந்த, ஏறக்குறையப் பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மேம்பாலத்தில் போகிறவர்கள் கீழே உள்ள ஊர்களின் பெயர்ப் பலகைகளைக்கூடப் பார்ப்பதில்லை. நாங்கள் கீழேயே வந்தோம். எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கவில்லை. 1978இல் கர்நாடக அரசின் நிறுவனம் 332 ஏக்கரில் தொடங்கிய அந்தப் பேட்டையின் கண்ணாடி மாளிகைகள் யாவும் உள்ளே இருப்பவர்களுக்கே உரியவை. வெளியே நிற்கிறவனுக்கு அவன் முகத்தையே காட்டுகின்றன.

பொம்மசந்திராவில் மறுபடியும் ஓர் ஆச்சரியம். தேவி ஷெட்டியின் இருதய மருத்துவமனையை நாடி வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வந்து குவிவதால், சுற்றுப்புறத்துச் சாப்பாட்டுக் கடைகளிலும் தங்குமிடங்களிலும் வங்க எழுத்துகள் தொங்குகின்றன. இருதயத்தைப் பழுதுபார்த்துக்கொள்ள ஆயிரம் மைல் வந்தவர்கள், மீனும் சோறும் தங்கள் ஊர்ப் பக்குவத்தில் கிடைக்கும் கடையைத் தேடி மெல்ல நடந்துகொண்டிருந்தார்கள்.

சந்தாபுராவை அன்று இறங்காமலே கடந்தோம். குடியிருக்கும் ஊரைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பது அந்நியர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பதுபோல் கூச்சமாக இருந்தது. ஆனேக்கல்லுக்குத் திரும்பும் வழி, நெருக்கியடிக்கும் ஆட்டோக்கள், மாலையில் முளைக்கும் மோமோ வண்டிகள். இவற்றையெல்லாம் தாண்டி, எங்கள் மாடிக்குக் காற்றில் வந்து சேரும் ஏரியின் வாடையை மறக்க முடியாது. இந்தச் சந்தாபுரா ஏரியைக் கழிவுநீர்க்கிடங்காக விட்டுவிட்டதற்காகவே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

அத்திபெலே கர்நாடகத்தின் எல்லையூர். தீபாவளிக் காலத்தில் பட்டாசுக் கடைகள் வரிசையாக நிற்கும் இந்த இடத்தில், 2023 அக்டோபர் 7ஆம் தேதி ஒரு பட்டாசுக் கிடங்கு தீப்பற்றிப் பதினான்கு பேர் அன்றே மாண்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து பண்டிகைக் காலக் கூலிக்கு வந்த இளைஞர்கள் அவர்கள்; கல்லூரிச் செலவுக்குப் பணம் சேர்க்க வந்த மாணவர்களும் அவர்களில் இருந்தார்கள். விடுமுறையில் எல்லை தாண்டும் மாணவர்கள் எல்லாரும் எங்களைப்போல வேடிக்கை பார்ப்பதற்காகத் தாண்டுவதில்லை. அவ்விடத்தில் எங்கள் பேச்சு தானாக நின்றது. எல்லைக்கு அப்பாலுள்ள ஜூஜூவாடிக்கு வந்து, பலகைகளில் தமிழ் எழுத்துகள் தோன்றும்வரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இனி நானே வழிகாட்டி என்று மார்தட்டிக்கொண்டு ஓசூரில் இறங்கினேன். இந்த ஊரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, அந்நாளில் ஒரு மகாராஜாவின் ராஜ்யமாக இருந்த மைசூர்ச் சமஸ்தானத்துக்குள் போய், பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் படித்து 1894இல் பட்டம் பெற்றார் என்ற விருத்தாந்தத்தைச் சொல்லிக்கொண்டே சந்திரசூடேசுவரர் மலைக்கு அவர்களை அழைத்துப் போனேன். அடிவாரத்தில் பூ விற்ற அம்மாளிடம், "உந்தப் பூ என்ன விலை, அம்மா?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "மலையாளமா தம்பி?" என்றார். அல்ல, தமிழ்தான் என்று நான் விளக்க, விளக்க அவருடைய சந்தேகம் வலுத்ததே தவிரக் குறையவில்லை. அதற்குள் அருஷா நண்பர் முன்னே வந்து, சந்தாபுராச் சந்தையில் கற்ற கன்னடத்தில், "எஷ்டு அம்மா?" என்று கேட்டார். கன்னடமும் தெலுங்கும் தமிழோடு கலந்து புழங்கும் அவ்வூரில் அம்மாள் கன்னடத்திலேயே விலை சொல்லி, பேரத்துக்கும் இணங்கி, ஒரு முழம் கூடவே அளந்து கொடுத்தார்.

மலையுச்சியிலிருந்து பார்த்தால் ஒருபுறம் தொழிற்பேட்டையின் கூரைகளும், மறுபுறம் வயல்களும், வடக்கே நாங்கள் வந்த ரஸ்தாவின் வண்டிகளும் தெரிந்தன. எல்லை எங்கே என்று நேபாள நண்பர் கேட்டார். ஆனேக்கல் தோழர் ஒரு திசையிலும் நான் வேறொரு திசையிலும் கை நீட்டினோம்.

இருட்டிய பிறகு தமிழ்நாட்டுப் பஸ்ஸில் திரும்பினோம். சந்தாபுராவில் இறங்கும்போது மோமோ வண்டிக்காரர் பாத்திரத்தைக் கழுவத் தொடங்கியிருந்தார். பொக்காரா நண்பர் ஓடிப்போய் அவரோடு நேபாளியில் ஏதோ பேசி, மிஞ்சிய பதினொன்றையும் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தார். பதினொன்றை நால்வருக்கு எப்படிப் பங்கிடுவது என்ற வாதம் மாடிப்படி வரை நீண்டது.