குருசுக்குப்பத்தில் ஒரு பப்பியோன்!

பாண்டிச்சேரி என்றதும் உங்கள் ஆபீஸ் நண்பர் கண்ணடித்துவிட்டு என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். ஸாரி சார்... இது அந்தத் தண்ணி பற்றிய கட்டுரை இல்லை. நிஜத் தண்ணீர் பற்றியது!

கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, சுண்டலைக் கொறித்தபடி வடக்கே நடந்து பாருங்கள். பழைய சாராய ஆலையைத் தாண்டினால் பிரெஞ்சு பால்கனிகள் முடிந்து மீன் வாசம் ஆரம்பிக்கும். அதுதான் குருசுக்குப்பம். குருசு என்றால் சிலுவை, போர்த்துகீசியர்கள் விட்டுப்போன சொல். குப்பம் என்றால் மீனவர் ஊர். வாசலில் வலையின் கிழிசலைத் தைக்கிறவர்கள், அலுமினிய அன்னக்கூடையில் மீனை வைத்துக்கொண்டு பேரத்துக்கு மசியாத அம்மாக்கள், கறுப்புப் பாறைகள் மேல் உட்கார்ந்து அலையையே பார்க்கும் பெருசுகள்... காலை ஆறு மணிக்கே ஊர் சுறுசுறுப்பாக இருக்கும்.

அந்த ஆறு மணிக்கு இந்தத் தெருக்கள் வழியாகத்தான் சைக்கிளில் நீச்சல் குளத்துக்குப் போகிறேன். வயது முப்பத்தாறு. நாளெல்லாம் நாற்காலி. சம்பாத்தியம் அப்படியே இருக்க, தொப்பை மட்டும் கூட்டு வட்டியில் வளர்கிற வயசு. குளத்தில் எனக்கு வாய்த்த குரு ஒரு 'சொல்தா' தாத்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களைப் பாண்டியில் அப்படித்தான் சொல்வார்கள்.

''தம்பி, பப்பியோன் பழகு. மத்ததெல்லாம் குளிக்கிறது... அதுதான் நீச்சல்!'' என்றார்.

பப்பியோன் என்றால் பிரெஞ்சில் வண்ணத்துப்பூச்சி. நாம் சொல்லும் பட்டர்ஃப்ளை ஸ்ட்ரோக். இது பிறந்த கதை என்னைப் போன்ற பி.காம்.காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். 1930-களில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் போட்டிகளில் சில கில்லாடிகள் விதியில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். 'கையைத் தண்ணீருக்கு அடியிலேயே முன்னால் கொண்டுபோக வேண்டும்' என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை! தண்ணீருக்கு மேலே இரண்டு கைகளையும் வீசிப் பறந்தார்கள். வேகம் கூடியது, சண்டையும் கூடியது. கடைசியில் 1952-ல் இதைத் தனி நீச்சலாகவே பிரித்துவிட்டார்கள். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் முதல் பதக்கங்கள். ஆடிட்டர் மூளையில் பிறந்த ஒரே நீச்சல் இதுவாகத்தான் இருக்கும்!

சரி, எப்படி நீந்துவது? பார்க்கிறவர்களுக்கு இது தோள் பலம் மாதிரித் தெரியும். விஷயம் நேரத்தில் இருக்கிறது. இரண்டு கால்களும் ஒட்டியபடி, கையின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு உதை. கைகள் தண்ணீரில் நுழையும்போது ஒன்று, கைகள் பின்னால் தள்ளி வெளியேறும்போது இன்னொன்று. நெஞ்சைக் கீழே அழுத்தினால் இடுப்பு தானாக எழும். மூச்சுக்குத் தலையை வானம் பார்க்கத் தூக்கக் கூடாது, தாடை தண்ணீரை உரசினால் போதும். தலை எழும்பினால் இடுப்பு அமிழும். அப்புறம் நீந்துவது வண்ணத்துப்பூச்சி அல்ல, நனைந்த மூட்டை!

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தவர் குப்பத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன். அலையைத் தாண்டிப் படகு இறக்குவதைப் பற்றிச் சொன்னார்: ''அலை வரச்சொல்லோ தள்ளினா ஆள்தான் தம்பி களைச்சுப்போவான். அது எறங்கச்சொல்லோ தள்ளணும். பலம் அப்பறம்... மொதல்ல பொறுமை.''

தம் பிடிக்கவும் அதே பொறுமைதான். முதல் மாதம் ஆறு சுற்று பட்டர்ஃப்ளை, மீதி தூரம் சாதா நீச்சல். பிறகு ஒரு கையை முன்னால் நீட்டி வைத்து மறு கையால் மட்டும் நீந்தும் பயிற்சி. மூன்றாம் மாதம் 25 மீட்டர் முழுசாக. அப்புறம் அதையே அரை நிமிட ஓய்வு விட்டு விட்டு ஆறு தடவை. இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் மூச்சு. உடம்பின் அலை ஓட்டம் குலைந்த கணமே நிறுத்திவிட வேண்டும். குலைந்தபின் நீந்தினால் குலைச்சல்தான் பழக்கமாகும். தோள் வலித்தால் வீரம் வேண்டாம். பிரஷர் இருந்தால் முதலில் டாக்டர், அப்புறம் குளம். எட்டாவது மாதம் 50 மீட்டர் தொட்டேன். சொல்தா தாத்தா கைதட்டவில்லை. ''திரும்பி வா'' என்றார்!

'முப்பத்தாறு வயசுல எதுக்குய்யா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2013-ல் சில்வேன் எஸ்தாதியு என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலீஷ் கால்வாயை முழுக்க முழுக்கப் பட்டர்ஃப்ளையிலேயே கடந்தார். பதினாறு மணி நேரத்துக்கும் மேலே! அவ்வளவு தூரம் போவானேன்... பக்கத்து நெய்வேலியைப் பாருங்கள். அங்கே தாயார் நிலக்கரி நிறுவனத்தில் வேலை பார்க்க, அந்த ஊர்க் குளத்தில் நீச்சல் பழகியவர்தான் சாஜன் பிரகாஷ். கழுத்து டிஸ்க் பிரச்னையில் படாத பாடு பட்டுத் தேறி வந்து, 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்தார். ஒலிம்பிக்கின் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவர்தான்.

வலை அண்ணனிடம், ''நீங்க எங்கே நீச்சல் கத்துக்கிட்டீங்க?'' என்று கேட்டேன்.

''கத்துக்கறதா? மணல்ல தவழ்ந்தோம், அப்படியே கடல்ல தவழ்ந்தோம். எம் புள்ளைக்குத்தான் தெரியாது'' என்றார், பாறைகளைக் காட்டி.

இந்தக் கடலோரத்தில் மணல் வருடம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கல் தடுப்புகள் கட்டினார்கள். மணல் அங்கேயே தங்கிவிட்டது. வடக்கே வரவு நின்றது, அலையின் செலவு மட்டும் நிற்கவில்லை. அப்புறம் திவால்தானே? கரை கரையக் கரையப் பாறைகளைக் கொட்டினார்கள். பிற்பாடு கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கியதில், கடற்கரைச் சாலைப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பியது. டூரிஸ்ட்டுகள் அதில்தான் போட்டோ எடுக்கிறார்கள். குப்பத்துப் பையன்கள் தவழ்ந்து பழக, பாறை இடம் கொடுக்குமா?

நீங்கள் வந்தால் அந்தப் பாறைகளிலிருந்து கடலில் இறங்காதீர்கள். நீச்சல் தெரிந்தவரையும் கல்லில் அறைந்துவிடும். காலையில் குளத்துக்கு வாருங்கள், பப்பியோன் பழகலாம். பாண்டிச்சேரி பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: குப்பத்துப் பிள்ளைகளுக்கு எங்கள் குளத்தில் தினம் ஒரு மணி நேரம், கட்டணம் இல்லாமல் ஒதுக்குங்கள். மணலைத் திருப்பித் தர நாளாகும். நீச்சலை நாளைக்கே தரலாம். நிலக்கரி ஊரின் குளத்திலிருந்தே ஓர் ஒலிம்பிக் வீரர் வந்தார் என்றால், கடலோரத்துப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவா வேண்டும்?