இரு வாசல் கொண்ட சிறு பெட்டி

மேட்டூர்க் கால்வாயின் மதகுக்கு ஒருபுறம் கால்வாய், மறுபுறம் வயல். எங்கள் கணினி அறையின் ரூட்டரும் அத்தகையதே. வெளியே இணையத்தை நோக்கி ஒரு வாசல், உள்ளே கணினிகளை நோக்கி ஒரு வாசல். இரண்டிற்கும் வெவ்வேறு முகவரி வேண்டும். ஆசிரியை சொல்ல, உள்வாசலுக்கு 192.168.1.1 என்று குறித்தோம். இதே எண் எத்தனையோ பள்ளிகளில் உண்டு! நான்கு எண்களாலான முகவரிகள் உலகிற்கே ஏறத்தாழ 429 கோடிதான். ஆகவே 1996இல் வெளியான விதிப்படி, சில எண்கள் உள்உபயோகத்திற்கென ஒதுக்கப்பட்டுள்ளன. ஆனால் ஓர் அறைக்குள் இரு கணினிகளுக்கு ஒரே எண் ஆகாது; இரண்டும் தடுமாறும். இறுதியில், பெட்டியுடன் வந்த கடவுச்சொல்லையும் மாற்றினோம். பலருக்கும் தெரிந்த சாவி பூட்டுக்கு உதவுமோ? வீட்டில் கணினி இல்லாத எங்களில் பலருக்கு இவ்வறையே உலகின் வாசல். அதைத் திறக்கவும் காக்கவும் கற்றோம்.