சில்லுகள் தரையில் நின்ற பின்

பிறேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன்புறத்து இடது பக்கத்திலிருந்து ‘டொக்’ என்றோர் ஓசை எழுந்தது. முதலில் நாம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1958ஆம் ஆண்டில் செய்யப்பட்ட காரொன்றில் ஓசை எழாவிட்டால் அல்லவா அஞ்ச வேண்டும்! ஆனால் இரண்டு கிழமைகளுக்குள் அந்த ஓசையோடு வேறு குறிகளும் சேர்ந்துகொண்டன. பிறேக் பிடித்தால் கார் இடப்புறம் இழுத்தது. நேரான வீதியிலும் ஸ்ரியறிங்கை ஓயாது திருத்திக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. ரயரின் உட்புற விளிம்பு மட்டும் தேய்ந்து மழுங்கிப் போயிற்று. நோயாளி ஒருவரைப் பார்க்க வருமாறு நள்ளிரவில் அழைப்பு வந்து, குண்டும் குழியுமான ஒழுங்கையொன்றால் பனங்கூடலுக்குள் சென்று திரும்பிய ஓரிரவில், இனியும் தள்ளிப்போடலாகாது எனத் தீர்மானித்தோம்.

இந்த மொறிஸ் மைனர் நம் தந்தையாருடையது. 1974இல் அவர் அதனைப் பழைய காராகவே வாங்கி, யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தருகே வாடகைக்கு ஓட்டினார். நம் வீட்டு அடுப்பு அதனால் எரிந்தது. குருமடத்துக்கு நாம் கொண்டுசென்ற தகரப் பெட்டியும் அதன் சில்லுகள் உருண்டதால் வந்ததே. 2011இல் தந்தையார் இறந்தபின் கார் நம்மிடம் வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை, இதனை விலைக்குக் கேட்டு வந்தோர் பலர். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கூறிய தொகையைக் கேட்டுப் பங்குமனைச் சமையற்காரர் கதிரையில் அமர்ந்துவிட்டார். நாம் கொடுக்கவில்லை. தந்தையாரின் நினைவுப்பொருள் என்று வந்தவர்களுக்குக் காரணம் கூறினோம். அது முழுக் காரணமன்று.

இக்காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் சிமேர்னா நகரில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மீரில், பிறந்தவர். 1922இல் அந்நகரம் போரில் வீழ்ந்து எரிந்த காலத்தில், பதினைந்து வயதுச் சிறுவனாகப் பெற்றோருடன் பிரித்தானியரின் துணையால் மால்டாத் தீவுக்கு வெளியேறினார். தந்தையார் சிறிது காலத்தில் இறந்துவிட, தாயும் மகனும் அடுத்த ஆண்டு இங்கிலாந்து சேர்ந்தனர். 1948 ஒக்டோபரில் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அவர் ஆக்கிய மொறிஸ் மைனர் வெளிவந்தது. கார் ஒடுங்கலாக இருக்கிறதென்று கடைசி வேளையில் அவருக்குத் தோன்றவே, மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக அறுத்து நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்தார். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த நான்கு அங்குலமே. சிறுவயதில் அதன்மீது விரலை ஓட்டி விளையாடிய நமக்கு இது அப்போது தெரியாது.

முன்சில்லுகளைத் தாங்குவதற்குச் சுருள்வில்லை விடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக நீண்ட உருக்குக் கம்பிகளை அவர் வைத்தார். கம்பியின் ஒரு முனை சில்லைத் தாங்கும் கீழ்க்கையில் இருக்கும். மறுமுனை பின்னே காரின் அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தில் அசையாது பிணைக்கப்பட்டிருக்கும். சில்லு மேடு பள்ளத்தில் ஏறி இறங்க, கம்பி முறுக்குண்டு மீளும். கீழ்க்கை சட்டத்தோடு சேருமிடத்திலும், அக்கையை முன்னும் பின்னும் போகவிடாது பிடிக்கும் இழுகம்பியின் முனையிலும், மேலே ஷொக் அப்சோபரின் கை வந்து சேருமிடத்திலும் றப்பர் புஷ்கள் உண்டு. இரும்பும் இரும்பும் நேரே முட்டிக்கொள்ளாதவாறு இடையில் நிற்பதே அவற்றின் தொழில். அவை இருக்கின்றன என்பதே கார் ஓட்டுவோர் பலருக்குத் தெரியாது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கூறியாக வேண்டும். இந்தப் புஷ் சுழல்வதற்கானதன்று. நட்டை இறுக்கியதும் றப்பரின் உட்புறம் ஓர் இரும்பையும் வெளிப்புறம் மற்ற இரும்பையும் கவ்விக்கொள்ளும். கை ஏறி இறங்கும்போது எதுவும் வழுக்குவதில்லை; றப்பரே தன் உடலுக்குள் முறுகி மீள்கிறது. ஆகவே எந்த நிலையில் நட்டு இறுக்கப்படுகிறதோ அதுவே அதற்கு ஓய்வுநிலை. காரை உயர்த்தி, கை கீழே தொங்கும் நிலையில் இறுக்கினால், சில்லு தரையைத் தொட்ட கணமே றப்பர் முறுகிவிடும். கார் நின்றாலும் ஓடினாலும் அதற்கு ஆறுதல் இல்லை, விரைவிலேயே கிழியும். எனவே நட்டுகளை விரலால் மட்டும் முடுக்கிவிட்டு, சில்லை மாட்டி, காரைத் தரையில் இறக்கி, முழுப் பாரமும் அமர்ந்த பின்னரே அடியில் தவழ்ந்து சென்று இறுக்க வேண்டும். இடம் நெருக்கம். முதுகு நோகும். ஸ்பனர் அரைச் சுற்றுக்கு மேல் திரும்பாது. கார் உயரத்தில் நிற்கும்போதே முடித்துவிட்டால் எவ்வளவு இலேசு!

தந்தையாரின் காரைப் பார்த்துவந்த மெக்கானிக் அண்ணருக்கு இப்போது எண்பதை அண்மித்த வயது. கராஜை மகன் நடத்துகிறார்; அங்கு வருவன பெரும்பாலும் முச்சக்கர வண்டிகளும் ஜப்பானியக் கார்களுமே. அண்ணர் வாசலில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். நாம் காரை உள்ளே திருப்பிப் பிறேக் பிடித்ததும், எழுந்திராமலே, “முன் புஷ் எல்லாம் போட்டுது சுவாமி” என்றார். “சாமானை எடுத்துக்கொண்டு வாங்கோ. நானே செய்யிறன். இவங்களுக்கு மொறிஸ் தெரியாது.” மகன் சிரித்துக்கொண்டார்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் இரண்டு வகை கிடைத்தன. ஒன்று கறுப்பு றப்பர். மற்றையது பொலியூரதேன் என்னும் செயற்கைப் பொருள். பளிச்சென்ற நீல நிறம். எண்ணெய் பட்டாலும் கெடாது, நீண்ட நாள் உழைக்கும் என்றார் கடைக்காரர். அது உண்மையே. எதற்கும் இருக்கட்டுமென்று இரண்டிலும் ஒவ்வொரு தொகுதி வாங்கிவந்தோம். அண்ணர் நீலத்தை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “இது இறுக்கம் கூட. குலுக்கலை எல்லாம் ஆளுக்குத் தள்ளிவிடும். றப்பரே போடுவம்.” 1876இலேயே ஹெனரத்கொடைத் தோட்டத்தில் றப்பர் கன்றுகளை நட்ட நாட்டில் நீலப் புஷ் எதற்கு என்று நாமும் சேர்ந்துகொண்டோம். அது வாதமன்று, ஆசை.

ஒரு திங்கட்கிழமை காலையில் வேலை தொடங்கிற்று. சில்லு நட்டுகளைத் தரையிலேயே சற்றுத் தளர்த்தி, ஜக்கால் உயர்த்தி, சட்டத்தின் கீழே மரக்கட்டைகளை அடுக்கினோம். ஜக்கை மட்டும் நம்பி எவரும் அடியில் படுக்கலாகாது என்பது அண்ணரின் முதற் கட்டளை. அடுத்தது, கீழ்க்கைக்கு அடியில் இன்னொரு ஜக்கைக் கொடுத்துத் தாங்குவது. முறுக்குக் கம்பிக்குள் பெரும் வலு அடங்கிக் கிடக்கிறது. தாங்கல் கொடுக்காமல் மேல் இணைப்பைக் கழற்றினால் கை பாய்ந்து இறங்கி, எதிர்ப்பட்ட விரலை நொறுக்கிவிடும். இடக்கம்பியும் வலக்கம்பியும் பார்வைக்கு ஒன்றேயாயினும் இடம் மாற்றிப் போடவும் கூடாது. முதல்நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்தும் இழுகம்பியின் நட்டு ஒரு மணி நேரம் நம்மோடு மல்லுக்கட்டியது.

கழற்றிய புஷ்களை அண்ணர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேற்புறத்தவை ஷொக் அப்சோபரிலிருந்து ஒழுகிய எண்ணெயில் ஊறிக் களியாகியிருந்தன. கீழ்க்கையினது ஒருபக்கம் நசிந்து முட்டை வடிவாகிவிட்டது. இழுகம்பியின் முனையில் றப்பர் என்று சொல்ல எதுவுமில்லை. கறுப்புத் தூளும் துருவும் மட்டுமே. “இது எண்ணெய். இது பாரம். இது வயது” என்று, மரண விசாரணை அதிகாரியைப் போல அவர் காரணங்களை அடுக்கினார். நமக்கு நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது. றப்பரைப் பார்த்தே அதன் முடிவை இவர் சொல்லுவாராயின், அன்றும் சொல்லியிருப்பாரே!

1995 ஓகஸ்டில் இதே வேலையை இதே காரில் அவரோடு செய்தோம். நமக்கு அப்போது இருபத்தைந்து வயது. குருமடத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்தோம். பொருளாதாரத் தடையினால் 1990 முதல் குடாநாட்டுக்குப் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வருவதில்லை. புதிய கார்கள் கொட்டகைகளில் உறங்க, பழைய மொறிசும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள்; பின்னே வரும் புகையில் வீதி மறைந்துபோகும். அந்நாளில் புஷ்ஷுக்கு எங்கே போவது? அண்ணர் பழைய லொறி ரயரை வெட்டி, நெருப்பில் காய்ச்சிய கம்பியால் துளையிட்டு, அரத்தால் உருட்டி, நான்கு நாளில் ஒரு தொகுதி செய்தார். கடைசி நாள் மாலை யாரோ அவரை அவசரமாக அழைக்க, “தம்பி, காரை இறக்கினபிறகு நட்டை இறுக்குங்கோ. மேலே நிக்கேக்க இறுக்கிப் போடாதேங்கோ” என்று நம்மிடம் கூறிவிட்டுப் போனார்.

நாம் மேலே நிற்கும்போதே இறுக்கினோம். மறந்துபோய் அல்ல. வெள்ளைச் சாரம் கட்டியிருந்தோம். மண்ணில் படுக்க விருப்பமில்லை. ஆறு மணிக்குக் கோவிலில் பாடற்பயிற்சி இருந்தது. ஒரு நட்டை எங்கே வைத்து இறுக்கினால்தான் என்ன என்றும் எண்ணினோம். மெய்யியல் படித்துக்கொண்டிருந்த தலைக்கு இரும்பு வேலை அற்பமாகத் தோன்றிற்று.

அந்த ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. இலட்சக்கணக்கான மக்கள், மழை, இருள். நமது காரில் தாயார், பாட்டியார், அயல்வீட்டுக் கர்ப்பிணிப் பெண், அவரது இரண்டு குழந்தைகள், மடியெல்லாம் மூட்டைகள். செம்மணி வெளியை அடையுமுன்பே முன்புறம் அடித்துக்கொள்ளத் தொடங்கியது. தந்தையார் பிறேக்கை மிதிக்கவே அஞ்சி, முதற் கியரிலேயே, நடப்பவர்களிலும் மெதுவாக ஓட்டினார். ஒவ்வோர் அடிக்கும் அந்தப் பெண் இரு கைகளாலும் வயிற்றைத் தாங்கிப் பிடித்தார். நாம் மட்காட்டில் கைவைத்தபடி காரின் பக்கத்தே நடந்தோம். உள்ளே இரும்பு அடிப்பது கையில் தெரிந்தது. அதன் காரணமும் நமக்குத் தெரிந்திருந்தது. நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சாவகச்சேரி சேர மறுநாள் நண்பகல் தாண்டிவிட்டது.

தீங்கு ஏதும் நேரவில்லை. அந்தப் பெண்ணுக்கு டிசெம்பரில் சுகமாக ஆண் குழந்தை பிறந்தது. “ரயர் றப்பர் சரிவரேல்லை” என்று தந்தையார் கேட்டவர்களுக்கெல்லாம் கூறினார். அண்ணர் செய்த வேலை பிழைத்துவிட்டதாம் என்ற பேச்சு மரநிழல்களில் உலாவியது. வாடகைக் காரோட்டிகள் இருவர் அதன்பின் தம் கார்களை அவரிடம் கொண்டுபோகவில்லை என்பதையும் நாம் அறிவோம். வாய் திறக்கவில்லை. அதன் பின்னர் எத்தனையோ பேர் எத்தனையோ சுமைகளை நம்மிடம் கூறிவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். இதனை மட்டும் நாம் கூறவேண்டியவரிடம் கூறியதில்லை. காரை விற்க மனம் வராததற்கும் இதுவே காரணமாயிருக்கலாம்.

புதிய புஷ்ஷைச் செருகி, நட்டை விரலால் முடுக்கியபடி, அடியில் படுத்திருந்தவாறே அவரிடம் கூறினோம். வெளியே அவரது கால்கள் மட்டுமே நமக்குத் தெரிந்தன. அவை அசையவில்லை.

“அது தெரியும் தம்பி” என்றார். 1998இல் நாம் குருப்பட்டம் பெற்றபின் அவர் ‘சுவாமி’ என்று விளிக்காதது அதுவே முதல் தடவை. “கிழிஞ்ச றப்பரைப் பார்த்தால் விளங்காதே? புரி மாதிரிச் சுத்திக் கிழிஞ்சு கிடந்தது. பழுதான றப்பர் அப்பிடிக் கிழியாது. சாவகச்சேரியில வைச்சு உங்கட ஐயா கழட்டிக் கொண்டுவந்து என்ர கையில தந்தவர்.”

தந்தையாருக்கும் தெரியுமா என்று கேட்டோம்.

“அவ்வளவு காலம் கார் ஓடின மனிசனுக்குத் தெரியாதே? ‘பிள்ளை படிக்கிறான், சொன்னால் உடைஞ்சுபோவான்’ எண்டார். அப்ப றப்பர் சரியில்லை எண்டு சொல்லுவம் எண்டு நான்தான் சொன்னனான்.” சிறிது நேரம் கழித்து, “ஒவ்வொரு நத்தாருக்கும் வந்து எனக்கு ஒரு சாரம் தருவார். ஏனெண்டு சொல்லமாட்டார். சாகுமட்டும் தந்தவர்” என்றார்.

காரை நிறுத்திக்கொண்ட அந்த இருவரைப் பற்றியும் கேட்டோம்.

“ஒருத்தர் திரும்பி வந்தவர். மற்றவர் வரேல்லை.” அவர் குரலில் குறை இல்லை, நம்மைத் தேற்றும் நோக்கமும் இல்லை. நாம் மறுமொழி தேடினோம், அகப்படவில்லை. திருகாணியின் மரையை விரலால் தடவிப் பார்க்கும்படியும், அதற்குக் கிறீஸ் அடிக்க மறந்தால் இக்காரின் சில்லு ஒருநாள் மடிந்து விழுமென்றும் கூறியவாறு அவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

சில்லை மாட்டிக் கட்டைகளை எடுத்துக் காரை இறக்கினோம். மகன் வந்து முன்புறத்தை நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, காரைச் சற்று முன்னும் பின்னும் உருட்டினார். பாரம் தன் இடத்தில் அமரவேண்டுமாம். பின்னர் சாக்கொன்றை விரித்தார்கள். “எனக்குக் குனியேலாது. நீங்கள்தான் போகவேணும்” என்றார் அண்ணர்.

நாம் அடியில் சென்றோம். ஐம்பதைக் கடந்த உடம்புக்கு அந்த இடைவெளி போதாது. சட்டத்தின் விளிம்பு தோளை உராய்ந்தது. கண்ணுக்குள் துரு விழுந்தது. ஸ்பனர் அரைச் சுற்றுத் திரும்பி நின்றது. கழற்றி, மறுபடி பொருத்தி, இன்னோர் அரைச் சுற்று. நட்டு மேலும் அசையமாட்டேன் என்றதும் ஸ்பிளிட் பின்னைச் செருகி, அதன் இரு கால்களையும் மடித்தோம். மடித்தாயிற்றா என்று வெளியிலிருந்து கேட்டார். ஆயிற்று என்றோம். இன்னொருமுறை பார்க்கச் சொன்னார். பார்த்தோம்.

“சரி, வெளியில வாங்கோ சுவாமி” என்றார். “மற்றப் பக்கமும் இருக்கு.”