வீணைக்கு இடமுண்டா?

பத்தாம் வகுப்பு மாணவி

"கார் என்றால் காண்போர் கண்ணைக் கவர வேண்டும்" என்பர் ஒரு சாரார். "அழகு கிடக்கட்டும், ஏறுவோர் காலை நீட்டி உட்கார இடம் இருந்தால் போதும்" என்பர் மறு சாரார். பட்டிமன்றத்துக்கு ஏற்ற தலைப்புத்தான்! பத்தாம் வகுப்பில் இசை பயிலும் தோழியர் மூவர் நாங்கள். ஒருத்தி வீணை, ஒருத்தி வயலின், ஒருத்தி மிருதங்கம். எங்களுடன் எங்கள் வாத்தியங்களும் பயணம் செய்ய வேண்டும் அல்லவா? ஆகவே இந்த வழக்கை நாங்கள் வேறொரு பக்கத்திலிருந்து பார்க்க நேர்ந்தது.

முதலில் ஸ்போர்ட்ஸ் காரின் கட்சியைக் கேட்போம். அதன் தாழ்ந்த கூரையும் நீண்ட மூக்கும் வெறும் ஆடம்பரம் அல்ல. விரைந்து செல்லும் வண்டியைக் காற்று எதிர்த்து நிற்கிறது. வேகம் இரு மடங்கானால் அந்த எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. வண்டியின் முகப்பு சிறிதாகவும் வழவழப்பாகவும் இருந்தால் காற்று எளிதில் விலகி வழிவிடும். எடை தரைக்கு அருகில் இருந்தால் வளைவுகளில் வண்டி தடுமாறாது. இயற்பியல் வகுப்பில் நாம் படிக்கும் ஈர்ப்பு மையப் பாடமே இது. 1961ஆம் ஆண்டு வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப் காருக்கு வடிவம் தந்த மால்கம் சேயர் என்பவர் முன்பு விமான நிறுவனத்தில் பணியாற்றியவர். காற்றின் போக்கைக் கணக்கிட்டே அவர் அதை வரைந்தார். அதன் எழிலைப் போற்றி, நியூயார்க் நகரின் நவீனக் கலைக் காட்சியகம் 1996இல் அந்தக் காரைத் தன் கலைப்பொருள்களுடன் சேர்த்துக்கொண்டது. ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் கிடைக்கும் இடம் ஒரு காருக்கும் கிடைத்தது!

இன்னொரு காரைக் கேளுங்கள். ஃபோர்டு ஜிடி40 என்னும் பந்தயக் கார் 1966இல் பிரான்சு நாட்டின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் தட்டிச் சென்றது. அதன் பெயரிலுள்ள 40 என்ற எண் எதைக் குறிக்கிறது தெரியுமா? அதன் உயரத்தைத்தான். தரையிலிருந்து கூரை வரை 40 அங்குலம்! தஞ்சாவூர் வீணை ஏறத்தாழ 4 அடி, அதாவது 48 அங்குல நீளம். அந்தக் காரின் பக்கத்தில் வீணையை நிமிர்த்தி வைத்தால், வீணைதான் உயர்ந்து நிற்கும்!

அப்படியானால் இசைக் கலைஞருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஒத்தே வராதா? வரும். ஆஸ்திரிய நாட்டில் பிறந்த ஹெர்பர்ட் ஃபான் கராயன், பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக் குழுவைப் பல்லாண்டுகள் நடத்திப் புகழ் பெற்றவர். போர்ஷே கார்கள் என்றால் அவருக்கு உயிர். இசைக் குழுவை நடத்துபவர் கையில் வேண்டியது ஒரு சிறு கோல்தானே? அது சட்டைப் பையிலும் அடங்கும். ஆனால் அத்தகைய குழுக்களில் டபுள் பாஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியமும் உண்டு. அது ஆறடி ஆள் உயரம் இருக்கும். அதை வாசிப்பவர் போர்ஷே காரில் ஆசை வைத்து என்ன பயன்? ஆகவே, கார் நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, யாருக்கு நல்லது என்று கேட்பதே முறை.

இந்தக் கேள்வி சென்ற ஆண்டு எங்கள் முன்னும் வந்து நின்றது. பக்கத்து ஊரில் பள்ளிகளுக்கிடையிலான வாத்திய இசைப் போட்டி. எங்கள் மூவரையும் இசை டீச்சர் அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. வயலின் தோழியின் பெரியப்பா தம் புதிய சிவப்புக் காரில் அழைத்துப் போவதாக அன்புடன் கூறினார். கூரை பின்புறம் சரிந்து வழியும் கண்கவர் கார் அது. ஓட்டுபவரையும் சேர்த்து ஐந்து பேர். ஐந்து இருக்கைகள். கணக்கு சரியாகத்தான் இருந்தது, வீணையைக் கணக்கில் சேர்க்காத வரையில்!

தையல் வகுப்பு அளவு நாடாவை வாங்கிக்கொண்டு போய் அளந்தோம். டிக்கியின் அகலம் வீணைக்குப் போதவில்லை. பின்னிருக்கையை மடக்கினால் வீணை சுகமாகப் படுத்துக்கொள்ளும். ஆனால் அந்த இருக்கையில் உட்கார வேண்டிய நாங்கள் எங்கே போவது? மேலே கட்டலாம் என்றால் டீச்சர் பதறிவிட்டார். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் பதிக்கப்பட்டவை. வெயிலில் மெழுகு இளகினால் மெட்டு நகரும். மெட்டு நகர்ந்தால் ஸ்வரம் பிசகும்.

"அந்த ஊரிலேயே ஒரு வீணை இரவல் வாங்கிக்கொண்டால் என்னம்மா?" என்று பெரியப்பா கேட்டார். நல்லெண்ணத்தில் கேட்டதுதான். எங்கள் வீணைத் தோழி ஒன்றும் பேசவில்லை. அது அவள் பாட்டி வாசித்த வீணை. ஒரே பலா மரத்தில் குடைந்தது. எந்த மெட்டில் எவ்வளவு இழுத்தால் எந்தக் கமகம் பேசும் என்பது அவள் விரல்களுக்கு மனப்பாடம். சற்று நேரம் கழித்து, "நீங்கள் இருவரும் போய் வாருங்கள். வயலினும் மிருதங்கமும் போதும்" என்றாள். எங்களுக்கு நெஞ்சு கனத்தது. மூவராகப் பழகியதை இருவராக வாசிப்பது எப்படி?

"பிள்ளைகளா, வீணை வராத ஊருக்கு நானும் வரவில்லை" என்றார் டீச்சர். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

மிருதங்கத் தோழியின் அப்பா பூ வியாபாரம் செய்கிறார். அவருடைய பழைய வேன் அட்டைப் பெட்டி போல் சதுரமாக இருக்கும். நிறமும் மங்கிவிட்டது. ஆனால் நடு இருக்கைக்குப் பின்னால் பூக்கூடைகள் வைக்கும் இடம் தாராளம். அங்கே ஜமுக்காளத்தை விரித்து, இரு பக்கமும் தலையணைகளை அணைத்து, வீணையைக் குழந்தை போல் கிடத்தினோம். முழங்கால் வலியுள்ள டீச்சர் குனியாமல் ஏறி அமர்ந்தார். வழி நெடுக மல்லிகை மணம்! போய் இறங்கியதும் வீணைக்குச் சிறிது சுருதி கூட்ட வேண்டியிருந்தது, அவ்வளவே. எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதற்பரிசு பெற்றவர்களும் ஒரு வேனில்தான் வந்திருந்தார்கள்!

ஏற்றிச் செல்லும் பொருளை முதலில் எண்ணி, பிறகு வண்டிக்கு உருவம் கொடுத்தவர்களும் உண்டு. பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் கிராமத்து உழவர்களுக்காக ஒரு சிறு காரை உருவாக்கியது. ஐம்பது கிலோ சுமையை ஏற்ற வேண்டும், உழுத வயலில் ஓட்டினாலும் கூடையிலுள்ள முட்டை உடையக் கூடாது என்பவை அதை வடிவமைத்தவர்களுக்கு இடப்பட்ட நிபந்தனைகள். 2சிவி என்ற அந்தக் கார் 1948இல் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்தபோது அதன் தோற்றத்தைப் பலர் எள்ளி நகையாடினர். ஆயினும் 1990 வரை அது உற்பத்தியாகி வந்தது. முட்டைக்குப் பாதுகாப்பான வண்டி வீணைக் குடத்துக்கும் பாதுகாப்பானதுதானே?

நம் நாட்டில் அந்த இடத்தை அம்பாஸடர் கார் பெற்றிருந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத் தழுவி, 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அதைத் தயாரித்தது. குண்டான உடல், உயர்ந்த கூரை, அகன்ற இருக்கைகள். டீச்சர் இளம் வயதில் கச்சேரிக்குப் போகும்போது பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து, மூவர் மடியிலும் வீணையைக் குறுக்கே கிடத்திக்கொள்வார்களாம். அழகுப் போட்டியில் அம்பாஸடர் பரிசு பெறாது. ஆனால் பக்கவாத்தியக்காரரை விட்டுவிட்டு வா என்று அது சொன்னதில்லை என்பார் டீச்சர்.

இன்று வாத்தியங்களே சுருங்கி வருகின்றன. பிரயாணத்துக்காகக் கழற்றி மாட்டும் வீணைகள் வந்துள்ளன. பல மேடைகளில் தம்புராவின் இடத்தில் கையடக்கமான மின்னணுப் பெட்டி ஒன்று ஒலிக்கிறது. வசதி வேண்டும்தான், அதை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் தம்புரா போன பிறகு, அதை மீட்டியபடி பாடகருக்குப் பின்னால் அமர்ந்து, கேட்டே இசை கற்ற மாணவியின் இடமும் அல்லவா போய்விட்டது? இடம் குறையும்போது முதலில் இறக்கப்படுவது பெரும்பாலும் ஓசையின்றித் துணை நிற்பதுதான்.

ஆகவே எங்கள் தீர்ப்பு இது. தனியாகச் செல்பவர் தமக்குப் பிடித்த அழகில் செல்லட்டும். பலராகச் செல்பவர்கள், புல்லாங்குழலை அளந்து கார் தேடக் கூடாது. வீணையை அளந்தே தேட வேண்டும். கார் வாங்கப் போகும் பெற்றோர்களே, நிறத்தைப் பாருங்கள், விலையைக் கேளுங்கள். போகும்போது அளவு நாடா ஒன்றையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்!