இழுவை

எங்கள் பக்கத்தில் 'பிக்கப்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். பின்னால் திறந்த தொட்டி வைத்த சரக்கு வண்டிக்கும் பிக்கப் என்றுதான் பெயர். காலை அழுத்தியதும் வண்டி சட்டென்று வேகம் எடுப்பதற்கும் அதே பெயர்தான். "பிக்கப்புல பிக்கப் இல்ல" என்று அப்பா சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். வீட்டில் யாரும் சிரிக்க மாட்டோம். அன்றைய வாடகை போச்சு என்று அதற்கு அர்த்தம். இன்னொரு சொல்லும் உண்டு, இழுவை. இங்கே பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் "இழுவை எப்படி?" என்றுதான் கேட்பார்கள்.

அப்பா பாகூர் கொம்யூனில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறார். கல்யாணம், காதுகுத்து, தெருக்கூத்து, அம்மன் கோயில் திருவிழா. இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றி வைத்த ஜெனரேட்டர், எடை கிட்டத்தட்ட ஒரு டன். அதை இழுக்க ஒரு 2018 மாடல் பிக்கப். கணக்கு நோட்டு எழுதுவது என் வேலை. புதுச்சேரி ஒரே துண்டு நிலம் இல்லை, இடையிடையே தமிழ்நாட்டுக் கிராமங்கள் வரும். ஒரு திருவிழாவுக்குப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு மூன்று முறை எல்லை தாண்டிவிடுவோம். டீசல் எங்கள் பக்கம் விலை குறைவு. அதனால் எங்கே வேலை என்றாலும் இங்கேதான் நிரப்பிக்கொள்வோம். ஜெனரேட்டருக்காகக் கொட்டகையில் எப்போதும் ஒரு பேரல் டீசல் இருக்கும். பேரலிலிருந்து கேனுக்கு ஊற்றும்போது புனலில் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துப் போடுவது அப்பாவின் வழக்கம். ஊற்றியதும் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்ப்பார். "பளிங்கு மாதிரி இருக்கு பாரு" என்பார்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. நகரத்தில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர் பக்கத்துக் கிராமங்களில் புகுந்தது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் இல்லாத அந்த நாட்களில் ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் தெருத்தெருவாகப் போய் வீட்டு மோட்டாரை ஓட்டி மாடித்தொட்டியை நிரப்பிக் கொடுத்தார்கள். இந்தமுறையும் அதே வேலை. சுற்றிலும் இடுப்பளவு தண்ணீர், குடிக்கவும் புழங்கவும் ஒரு குடம் கிடையாது. பங்க்குகளிலும் கரண்ட் இல்லாததால் பேரலில் இருந்ததைத்தான் ஜெனரேட்டருக்கும் பிக்கப்புக்கும் ஊற்றினோம்.

மூன்றாவது தெருவில் வண்டி திணறியது. மீட்டரில் தண்ணீர் விளக்கு எரிந்தது. அப்பா காலை அழுத்த அழுத்த வண்டி முனகியதே தவிர நகரவில்லை. பிறகு நின்றேபோனது. பின்னால் ஜெனரேட்டர் மட்டும் டகடகவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரே பேரல், ஒரே கேன், ஒரே துணி. இழுபடுவது ஓடுகிறது, இழுப்பது நின்றுவிட்டது.

தெருக்காரர்கள் டிரெய்லரைக் கழற்றிக் கயிறு கட்டினார்கள். வில்லியனூர் தேர்த்திருவிழாவில் ஆளுநரும் முதலமைச்சரும் வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கத்தின் தொடர்ச்சி. அன்று எங்கள் டிரெய்லருக்கு வடம் பிடித்தவர்கள் குடத்தோடு காத்திருந்தவர்கள். அந்தத் தெருவுக்குத் தண்ணீர் கிடைத்தது. அடுத்த ஊரில் வரச் சொல்லியிருந்தவர்களுக்குப் போக முடியவில்லை. இரண்டு நாள் அவர்கள் போன் செய்துகொண்டே இருந்தார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு வில்லியனூர் பக்கம் ஒரு டீசல் பம்ப் பட்டறைக்கு வண்டியைக் கட்டி இழுத்துப்போனோம். மெக்கானிக் அண்ணன் ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் தட்டில் கவிழ்த்தார். அடியில் தண்ணீர், அதன்மேல் டீசல், இரண்டுக்கும் நடுவில் கறுப்பாகச் சளி மாதிரி ஒரு படலம். அது அழுக்கு மட்டும் கிடையாது, உயிருள்ள பூஞ்சணம். ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை டீசலும் தண்ணீரும் சந்திக்கும் விளிம்பில் வளரும். தண்ணீரில் குடியிருந்து டீசலைத் தின்னும்.

"இது எங்கருந்து வந்துது தம்பி? பங்க்கா? பேரலா?" என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்கு ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது.

"எல்லாத்துலருந்தும் வரும்ண்ணே. டேங்க்க பாதி காலியா வுட்டீங்கன்னா ராத்திரி அதுவே காத்த இழுத்துத் தண்ணி வச்சுக்கும். நம்மளது கடலோரம். யாரைன்னு புடிப்பீங்க?"

"அப்ப ஜெனரேட்டர் மட்டும் இன்னா, தண்ணி குடிச்சுக்கினே ஓடுது?"

"அது எருமைண்ணே. குட்டையில குடிச்சிட்டு ஏர் ஓட்டும். இது ஜெர்சி. தொட்டித் தண்ணி நாறுனா வாய் வைக்காது."

வீட்டுக்கு வந்து அந்த ஜெர்சியைப் பற்றித் தேடிப் படித்தேன். 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். கனிம எண்ணெய்க்காகச் செய்த எஞ்சின். எந்த மாற்றமும் செய்யாமல் ஓடியதால் எண்ணெய் மாறியதே பலருக்குத் தெரியவில்லை என்று ருடால்ஃப் டீசல் பின்னாளில் எழுதினார். அந்தக் காலத்தில் எங்கள் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக மார்செய்க்குப் போன சரக்கும் நிலக்கடலைதான். அப்படி எதைக் கொடுத்தாலும் குடிக்கிற எஞ்சினின் வாரிசுதான் எங்கள் வயல்களில் ஓடிய ஆயில் எஞ்சின். அதன் நாசில் திறக்கும் அழுத்தம் சுமார் 200 பார். எங்கள் பிக்கப்பில் இருக்கும் காமன் ரயில் முறையில் 1,600 பார். கார் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் இரண்டு பார் சொச்சம் என்று நினைத்துக்கொண்டால் வித்தியாசம் புரியும்.

அந்த அழுத்தத்தைத் தாங்க, இன்ஜெக்டருக்குள் ஊசிக்கும் சுவருக்கும் இடையே இரண்டு மூன்று மைக்ரான் இடைவெளிதான் விடுகிறார்கள். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். சுமார் 40 மைக்ரானுக்குக் கீழே இருப்பதை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. அப்பா பாட்டிலைத் தூக்கிப் பார்த்தபோது அவர் கண் பொய் சொல்லவில்லை, அதன் எல்லை அதோடு முடிகிறது. இன்ஜெக்டரை அறுக்கிற துகள் அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. தண்ணீர் இன்னும் மோசம். டீசல்தான் அந்தப் பம்புக்கு எண்ணெய் போடுகிறது, தனி மசகு கிடையாது. தண்ணீர் வந்தால் இரும்பும் இரும்பும் நேராக உரசும், துருப்பிடிக்கும், நாசில் நுனியில் சூடு பட்டு ஆவியாகி வெடிக்கும்.

நான்கு இன்ஜெக்டரில் இரண்டு போய்விட்டது. அவற்றை மாற்ற ஆகும் செலவு எங்கள் மூன்று மாத வாடகை. அப்பா வண்டியை விற்றுவிடலாம் என்றார். மைக்கோ பம்ப் போட்ட பழைய வண்டி ஒன்று பார்த்து வைத்திருந்தார். "அது எதையும் மன்னிக்கும் பாப்பா" என்றார்.

அந்த 'மன்னிக்கும்' என்ற சொல்லை நான் சில நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு வீசிங் உண்டு. திருவிழா ராத்திரிகளில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய் ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தால் விடிய விடிய இளைப்பாள். குறைந்த அழுத்தம், தேய்ந்த நாசில், சரியாகத் தூவாமல் சொட்டுகிற டீசல், முழுதாக எரியாமல் கரும்புகை. பழைய எஞ்சின் மன்னித்ததாக நாம் நினைத்தது, அது தன்மேல் ஏற்றுக்கொள்ளாமல் புகைபோக்கி வழியாகப் பக்கத்தில் இருந்தவர் மேல் தள்ளியதைத்தான். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் உறுதியாக அறிவித்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுதும் வந்த பிஎஸ் 6 விதியில் டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. அதெல்லாம் அம்மா மாதிரி ஆட்களுக்காகத்தான். நான் அதற்கு எதிராக ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

ஆனால் அழுக்கு எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும். முன்பு மூச்சில் போனது. இப்போது எஞ்சின் அதை வாங்க மறுக்கிறது, அதனால் வண்டிக்காரன் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சுத்தம் என்பது என்ன என்று எஞ்சின் செய்கிறவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அவர்கள் பரிந்துரைக்கும் அளவில்கூட ஒரு மில்லிலிட்டர் டீசலில் 4 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 2,500 வரை இருக்கலாம். இந்தக் கணக்கை வேட்டித்துணி வைத்து வடிகட்டுகிற மனிதரிடம் தமிழில் உட்கார்ந்து சொன்னவர் யாருமில்லை. சீட்டு மட்டும் அவர் பெயருக்கு வருகிறது.

வண்டியை விற்கவில்லை. ஃபில்டரைக் கூட்டிப் போட்டோம்.

செய்ய நினைக்கிறவர்களுக்காக விவரம் சொல்கிறேன். கம்பெனி ஃபில்டரை எடுக்கக் கூடாது. நுணுக்கமாக வடிகட்டும் கடைசிக் காவல் அதுதான். அதற்கு முன்னால், தொட்டிக்கும் அதற்கும் நடுவில், அடியில் கண்ணாடிக் கிண்ணம் வைத்த ஒரு தண்ணீர் பிரிப்பான் ஃபில்டர். டீசல் அதற்குள் வேகம் குறையும்போது பொடிப்பொடித் தண்ணீர்த் துளிகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகிக் கிண்ணத்தில் இறங்கும். தண்ணீர் கனமானது, டீசல் ஒரு லிட்டர் 830 கிராம் அளவில்தான் இருக்கும். எங்கள் வண்டியில் பம்ப் டீசலை உறிஞ்சி எடுக்கிறது. அதனால் முதல் ஃபில்டர் ரொம்ப நுணுக்கமாக இருந்தால் பம்புக்கே மூச்சு முட்டும். இன்னொன்று, உறிஞ்சுகிற பக்கத்தில் ஓஸ் கிளிப் லூசாக இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். சொட்டு விழவில்லையே என்று நம்பக் கூடாது.

டப்பாவில் '10 மைக்ரான்' என்று போட்டிருப்பதெல்லாம் ஒன்றல்ல. அந்த அளவுத் துகளில் பாதியைப் பிடிக்கிற ஃபில்டருக்கும் அதே எண் போடுவார்கள், 75 வந்தால் ஒன்றை மட்டும் விடுகிற ஃபில்டருக்கும் அதே எண்தான். எவ்வளவு சதவீதம் பிடிக்கும் என்று கேட்க வேண்டும். பட்டறையில் நான் அதைக் கேட்டபோது அண்ணன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "பாப்பா என் பொழப்ப கெடுத்துரும் போல இருக்கே" என்றார். பிறகு உள்ளே போய் வேறு டப்பா எடுத்து வந்தார்.

ஃபில்டர், பிராக்கெட், ஓஸ், கூலி எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. இன்ஜெக்டர் மாற்றியதற்குப் பக்கத்தில் வைத்தால் சில்லறைதான். போட்ட பிறகு சும்மா ஓட்டிப் பார்த்து அப்பா திருப்தி அடையவில்லை. "டிரெய்லரை மாட்டு" என்றார். அவர் சொன்னது சரி. காலி வண்டிக்கு டீசல் கொஞ்சம்தான் வேண்டும், பாதி அடைத்த ஃபில்டர்கூட அதைக் கொடுத்துவிடும். ஒரு டன்னைப் பின்னால் மாட்டி ஏரிக்கரை மேட்டில் ஏற்றும்போது எஞ்சின் வாய் நிறையக் கேட்கும். அடைப்பு இருந்தால் அப்போதுதான் தெரியும். பாகூர் ஏரிக்கரை மேல் வண்டி ஒரே மூச்சில் ஏறியது. அப்பா எதுவும் பேசவில்லை, மூன்றாவது கியரிலேயே போய்க்கொண்டிருந்தார்.

இப்போது பழக்கங்கள் மாறியிருக்கின்றன. ராத்திரி தொட்டியை நிரப்பித்தான் நிறுத்துகிறோம். காற்றுக்கு இடம் இல்லையென்றால் ஈரத்துக்கும் இடம் குறைவு. பேரலின் அடியில் கடைசி ஒரு சாண் டீசலை எடுப்பதில்லை. ஃபில்டர் உடம்பில் மார்க்கரால் தேதியும் கிலோமீட்டரும் எழுதுகிறோம். காலையில் பல் விளக்கிக்கொண்டே அப்பா டார்ச் அடித்துக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்ப்பார். அடியில் கோடு தெரிந்தால் திருகைத் திறந்து வடித்துவிடுவார். கோடைகாலத்தில் பல நாள் ஒன்றும் இருக்காது. ஐப்பசி பிறந்தால் வாரம் ஒருமுறையாவது இரண்டு ஸ்பூன் வரும். முன்பு கேட்டால் "பளிங்கு" என்று சொல்லியிருப்பார். இப்போது, "இத்தினி நாளா இதெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்கிறார். ஜெனரேட்டர் நிற்கும் இடத்திலிருந்து பத்தடி தள்ளித்தான் இப்போது அம்மா உட்கார்கிறாள். அடுத்தது அதற்குத்தான் நாசில் மாற்ற வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

வடித்ததை என்ன செய்வது என்பதற்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. முதல் நாள் அப்பா கை போகிற போக்கில் வாய்க்கால் பக்கம் போனார். அந்த வாய்க்கால் ஏரிக்குப் போகிறது, ஏரியிலிருந்து நெல்லுக்குப் போகிறது. நின்று யோசித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு பழைய கேனில் சேர்த்து வைக்கிறோம். பட்டறையில் கேட்டால், "நாங்களே எங்க ஊத்துறதுன்னு தெரியாம வச்சிருக்கோம்" என்கிறார்கள். கேன் கொட்டகை மூலையில் இருக்கிறது. முக்கால்வாசி நிரம்பிவிட்டது.